மண் பிடித்து வைக்கும் உரமும் மழை கொண்டு செல்லும் உரமும்

திருவனந்தபுரம் மாவட்டத்தில் விதுராவைக் கடந்து மலைமேல் ஏறும் சாலையின் முடிவில் போனக்காடு உள்ளது. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடச் சிகரத்துக்கு நடந்து செல்வோர் புறப்படும் இடம் இதுவே. ஆங்கிலேயர் காலத்தில் காட்டை வெட்டித் தேயிலை பயிரிட்ட சரிவுகள் இங்கே உள்ளன. தமிழ் பேசும் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் இத்தோட்டத்தின் தேயிலை ஆலை நின்றுபோய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. கவாத்துச் செய்யப்படாத செடிகள் பல இடங்களில் மரங்களாகவே உயர்ந்துவிட்டன. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் இச்சரிவுகளை நனைக்கின்றன. இம்மலைத்தொடரில் தோன்றும் கரமனை ஆறு பேப்பாறை, அருவிக்கரை ஆகிய நீர்த்தேக்கங்களின் வழியே திருவனந்தபுரம் நகருக்குக் குடிநீர் தருகிறது. ஆதலின் இம்மலைகளின் மண்ணிலிருந்து மழை எதைக் கரைத்துச் செல்கிறது என்பது தோட்டத்தாருக்கு மட்டும் உரிய வினா அன்று.

தேயிலை ஓர் இலைப்பயிர். தளிரைத் திரும்பத் திரும்பக் கொய்து எடுப்பதால் மண்ணிலுள்ள தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், இடைவிடாது வெளியேறுகிறது. அதனை ஈடுசெய்வதற்குத் தென்னிந்திய மலைத்தோட்டங்களில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் உரங்களுள் முக்கியமானவை இரண்டு. ஒன்று அம்மோனியம் சல்பேட், மற்றொன்று யூரியா. இரண்டும் வெண்ணிறமானவை, இரண்டும் நீரில் எளிதாகக் கரைபவை, இரண்டும் தழைச்சத்தையே தருபவை. ஆயினும் இவற்றை அடுத்தடுத்த இரு வரிசைகளில் மாலையில் தூவி, அன்றிரவே நல்ல மழை பெய்யுமாயின், மறுநாட் காலையில் அவ்விரு வரிசைகளின் மண்ணும் ஒரு தன்மையனவாய் இரா. ஓடும் நீர் உரப்பரலையே அடித்துச் செல்லாதவரை, அம்மோனியம் சல்பேட்டின் தழைச்சத்து பெரும்பாலும் மேல்மண்ணிலேயே தங்கியிருக்கும். யூரியாவின் தழைச்சத்தில் கணிசமான பகுதி நீரோடு கீழே இறங்கியோ சரிவில் வழிந்தோ போயிருக்கும். மூட்டையின் விலையும் தூவியவரின் கூலியும் அதனுடன் போயினவேயாகும்.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் நைட்ரஜன் அன்று. இரண்டிலும் இருப்பது ஒரே நைட்ரஜன்தான். அது பிற அணுக்களோடு எவ்வாறு பிணைந்துள்ளது என்பதே காரணம். அயனிப் பிணைப்பு, சகப்பிணைப்பு என்று பள்ளிகளில் கற்பிக்கப்படும் பாடத்திற்கு இதைவிடப் பயனுள்ள எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

அணுக்கள் ஒன்றோடொன்று இணைவது எலெக்ட்ரான்களின் செயலால் என்னும் கருத்து 1916ஆம் ஆண்டில் தெளிவான வடிவம் பெற்றது. ஜெர்மனியில் கோசெல் என்பவர், ஓர் அணு எலெக்ட்ரானை இழப்பதாலும் மற்றோர் அணு அதனை ஏற்பதாலும் தோன்றும் பிணைப்பை விளக்கினார். அமெரிக்காவில் கில்பர்ட் லூயிஸ் என்பவர், இரண்டு அணுக்கள் ஓர் எலெக்ட்ரான் இணையைப் பொதுவாக வைத்துக்கொள்வதால் தோன்றும் பிணைப்பை விளக்கினார். பின்னதற்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரை 1919இல் அளித்தவர் இர்விங் லாங்மூர். அப்பெயரின் பொருளைத் தழுவியே தமிழில் சகப்பிணைப்பு என்கிறோம்.

முதற்பிணைப்புக்குச் சமையல் உப்பே தக்க சான்று. சோடியம் அணுவின் வெளிக்கூட்டில் ஒரே ஓர் எலெக்ட்ரான் உள்ளது. குளோரின் அணுவின் வெளிக்கூட்டில் ஏழு உள்ளன. சோடியம் தன் ஒற்றை எலெக்ட்ரானை இழந்து நேர்மின் அயனி ஆகிறது; குளோரின் அதனை ஏற்று எதிர்மின் அயனி ஆகிறது. எதிரெதிர் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று ஈர்க்கின்றன.

ஆசிரியர்கள் பலர் இவ்விடத்தில், சோடியம் எலெக்ட்ரானைக் கொடுத்துவிடத் துடிக்கிறது என்பதுபோலக் கூறுவதுண்டு. மாணவர் மனத்தில் பதிவதற்கு இது உதவலாம். ஆனால் உண்மை வேறு. ஒரு மோல் சோடியம் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரித்தெடுக்க 496 கிலோஜூல் ஆற்றலைச் செலவிட வேண்டும். அவற்றைக் குளோரின் அணுக்கள் ஏற்கும்போது 349 கிலோஜூல்தான் திரும்பக் கிடைக்கிறது. இவ்வளவோடு கணக்கு முடியுமானால் 147 கிலோஜூல் நட்டமே; உப்பு என்றொரு பொருள் தோன்றியிராது. இலாபம் வேறோர் இடத்திலிருந்து வருகிறது. பிரிந்து நின்ற அயனிகள் நெருங்கி, ஒவ்வொரு சோடியமும் ஆறு குளோரைடுகளாலும் ஒவ்வொரு குளோரைடும் ஆறு சோடியங்களாலும் சூழப்பட்டு, படிகமாக அடுக்கப்படும்போது ஏறத்தாழ 787 கிலோஜூல் வெளிப்படுகிறது. அயனிப் பிணைப்பு என்பது இரண்டு அணுக்களுக்கு இடையே நடக்கும் கொடுக்கல் வாங்கலோடு முடிவதன்று. படிகம் முழுவதையும் தழுவி நிற்பது. ஆதலின் உப்புக் கல்லினுள் சோடியம் குளோரைடு மூலக்கூறு என்று தனியே ஒன்றைச் சுட்டிக் காட்ட இயலாது. 1913ஆம் ஆண்டில் பிராக் தந்தையும் மைந்தரும் எக்ஸ் கதிர்களைக்கொண்டு உப்பின் படிகத்தை ஆராய்ந்தபோது கண்டதும் இதுவே.

இனிச் சகப்பிணைப்பு. இதற்குத் தொலைவில் செல்ல வேண்டுவதில்லை, காற்றே போதும். காற்றில் 100க்கு 78 பங்கு நைட்ரஜன். அதன் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் இரண்டு அணுக்கள் மூன்று எலெக்ட்ரான் இணைகளைப் பொதுவாக வைத்துக்கொண்டுள்ளன. இந்த முப்பிணைப்பை அறுக்க ஒரு மோலுக்கு 945 கிலோஜூல் தேவை. இரு குளோரின் அணுக்களுக்கு இடையேயுள்ள ஒற்றைப் பிணைப்புக்கு இத்தேவை ஏறத்தாழ 242தான். தேயிலைச் செடியைச் சூழ்ந்து நைட்ரஜன் கடல்போல் நிறைந்திருந்தும் அச்செடி தழைச்சத்தின்றி வெளிறிப்போவதற்குக் காரணம் இம்முப்பிணைப்பே. அவரை இனச் செடிகளின் வேர்முடிச்சில் வாழும் பாக்டீரியங்களைப் போன்ற சில நுண்ணுயிர்களும், மின்னலும், உரத்தொழிற்சாலையுமே அதனை அறுக்க வல்லவை.

திருவிதாங்கூரில் அவ்வேலையை முதலில் மேற்கொண்ட பெரிய தொழிற்சாலை, ஆலுவாவை அடுத்த உத்தியோகமண்டலில் அமைந்தது. 1943இல் பதிவு செய்யப்பட்ட அந்நிறுவனம் 1947இல் அம்மோனியம் சல்பேட் உற்பத்தியைத் தொடங்கியது. அம்மோனியா செய்ய ஹைட்ரஜன் தேவை. நிலக்கரியோ எண்ணெயோ அருகில் இல்லாத அந்நாட்டில் விறகை எரித்து வாயுவாக்கி அதிலிருந்து ஹைட்ரஜன் பெற்றார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மரம் உரமாகி வயலுக்கும் தோட்டத்துக்கும் சென்ற அக்காலத்தை இன்று எண்ணிப் பார்க்க வியப்பாக உள்ளது. அம்முறை பின்னர்க் கைவிடப்பட்டது.

அம்மோனியாவில் ஒரு நைட்ரஜன் அணு மூன்று ஹைட்ரஜன் அணுக்களோடு சகப்பிணைப்பால் இணைந்துள்ளது. நைட்ரஜனிடம் எவருடனும் பகிரப்படாத ஓர் எலெக்ட்ரான் இணை எஞ்சியிருக்கிறது. அம்மோனியாவைக் கந்தக அமிலத்தோடு சேர்க்கும்போது, அமிலத்தின் ஹைட்ரஜன் அயனி, எலெக்ட்ரான் ஏதுமின்றி வெறுங்கையோடு வந்து அந்த இணையில் பங்கு கொள்கிறது. நான்காவது பிணைப்புத் தோன்றுகிறது. தோன்றிய பின்னர் நான்கு பிணைப்புகளும் ஒரே தன்மையன. எது பிந்தி வந்தது என்று பிரித்தறிய வழியில்லை. ஆனால் வந்த ஹைட்ரஜன் நேர்மின்னூட்டத்தோடு வந்தமையால் அத்தொகுதி முழுவதும் நேர்மின்னூட்டம் பெறுகிறது. இதுவே அம்மோனியம் அயனி. இத்தகைய இரண்டு அயனிகளும், கந்தகமும் ஆக்சிஜனும் சேர்ந்த சல்பேட் அயனி ஒன்றும் என்ற விகிதத்தில் அடுக்கப்பட்ட படிகமே மூட்டையில் வரும் அம்மோனியம் சல்பேட்.

ஆகவே, ஒரு பொருள் அயனிப் பிணைப்பு உடையதா, சகப்பிணைப்பு உடையதா என்று கேட்டு ஒற்றைச் சொல்லில் விடை எதிர்பார்ப்பது எப்போதும் பொருந்தாது. அம்மோனியம் சல்பேட்டில் ஒவ்வோர் அயனியின் உள்ளேயும் இருப்பது சகப்பிணைப்பு. அயனிக்கும் அயனிக்கும் இடையே இருப்பது அயனிப் பிணைப்பு. நீரில் இட்டால் பின்னது மட்டுமே அவிழ்கிறது, முன்னது அவிழ்வதில்லை. தவிர, இவ்விரு வகைகளுக்கும் இடையே மதில் எதுவும் எழுப்பப்படவில்லை. எலெக்ட்ரானை ஈர்க்கும் வலிமையை அளவிட லைனஸ் பாலிங் 1932இல் ஓர் அளவுகோலை அமைத்தார். இன்று வழங்கும் திருத்தப்பட்ட அளவின்படி சோடியத்துக்கு 0.93, குளோரினுக்கு 3.16, நைட்ரஜனுக்கு 3.04, ஹைட்ரஜனுக்கு 2.20. வேறுபாடு மிகுதியாயின் எலெக்ட்ரான் ஏறக்குறைய முழுவதும் ஒரு பக்கம் போய்விடுகிறது, குறைவாயின் பகிரப்படுகிறது, இடைப்பட்ட நிலைகளில் பகிர்வு ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது.

யூரியாவின் கதை வேறு. அதன் மூலக்கூறின் நடுவே ஒரு கார்பன் அணு. அதனோடு ஓர் ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பாலும், இரண்டு நைட்ரஜன் அணுக்கள் ஒற்றைப் பிணைப்புகளாலும் இணைந்துள்ளன. ஒவ்வொரு நைட்ரஜனிலும் இரண்டு ஹைட்ரஜன். பிணைப்புகள் எல்லாம் சகப்பிணைப்புகளே. மூலக்கூறுக்கு மொத்தத்தில் மின்னூட்டம் இல்லை.

1828ஆம் ஆண்டில் பிரெடரிக் ஊலர் என்ற ஜெர்மானிய அறிஞர் அம்மோனியம் சயனேட் என்னும் உப்பைத் தயாரிக்க முயன்றபோது, கையில் கிடைத்தது உப்பு அன்று, யூரியா. அதுவரை விலங்குகளின் சிறுநீரில் மட்டுமே காணப்பட்ட பொருள் ஆய்வுக்கூடத்தில் தோன்றியதென்று இந்நிகழ்ச்சி பெரிதும் பேசப்படுகிறது. அதைவிடக் குறைவாகவே பேசப்படும் செய்தி ஒன்று இதில் உண்டு. அம்மோனியம் சயனேட்டிலும் யூரியாவிலும் உள்ள அணுக்கள் வகையாலும் எண்ணிக்கையாலும் ஒன்றே: ஒரு கார்பன், ஓர் ஆக்சிஜன், இரண்டு நைட்ரஜன், நான்கு ஹைட்ரஜன். முன்னது அயனிகளாலானது, பின்னது மின்னூட்டமற்ற மூலக்கூறுகளாலானது. ஓர் அணுவும் கூடவில்லை, குறையவில்லை. பிணைப்பு மாறியது, பொருள் மாறியது. பிணைப்பு என்ற பாடத்தைத் தொடங்கும் ஆசிரியருக்கு இதனினும் நல்ல தொடக்கம் வேண்டுவதில்லை.

மூலக்கூறுகளாலான பொருளை உருக்குவது எளிது. ஒரு மூலக்கூறை அடுத்த மூலக்கூறிலிருந்து விலக்கினால் போதும். உள்ளே இருக்கும் சகப்பிணைப்பை அறுக்க வேண்டியதில்லை. யூரியா 133 பாகை செல்சியஸில் உருகுகிறது. சமையல் உப்பு உருக 801 பாகை வேண்டும். சகப்பிணைப்பு வலிமை குன்றியது என்று இதிலிருந்து முடிவு செய்வது தவறு. வைரம் முழுவதும் சகப்பிணைப்பே.

நீரில் கரைவதெல்லாம் அயனிப் பொருள் என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. யூரியாவே இதனை மறுக்கிறது. 20 பாகை வெப்பத்தில் 100 கிராம் நீரில் ஏறத்தாழ 108 கிராம் யூரியா கரையும். அம்மோனியம் சல்பேட்டோ ஏறத்தாழ 75 கிராம்தான். யூரியாவின் ஆக்சிஜன் பக்கம் சற்றே எதிர்மின் தன்மையும் ஹைட்ரஜன் பக்கம் சற்றே நேர்மின் தன்மையும் உடையன. நீரும் அத்தகையதே. இரண்டும் ஹைட்ரஜன் பிணைப்புகளால் கைகோத்துக்கொள்கின்றன. சர்க்கரை கரைவதும் இவ்வாறே. கரைந்த பின்னர் நீரில் இருப்பது யாது என்பதே வினா. அம்மோனியம் சல்பேட் கரைசலில் மின்னூட்டம் பெற்ற அயனிகள் தனித்தனியே உலவுகின்றன. யூரியாக் கரைசலில் முழு மூலக்கூறுகள் உலவுகின்றன.

இதனை வகுப்பிலேயே காட்டலாம். 9 வோல்ட் மின்கலம் ஒன்று, தக்க தடையுடன் இணைத்த சிறு எல்.இ.டி. விளக்கு ஒன்று, பென்சிலிலிருந்து எடுத்த இரு கரிக்குச்சிகள், மழைநீர் அல்லது வாலைவடிநீர் ஆகியவை போதும். கரிக்குச்சிகளை நீரில் தோய்த்து, யூரியாவைக் கரைத்தால் விளக்கு எரிவதில்லை. அம்மோனியம் சல்பேட்டைக் கரைத்தால் எரிகிறது. குழாய்நீரையோ கிணற்றுநீரையோ பயன்படுத்தினால் அதிலுள்ள உப்புகளாலேயே விளக்கு மங்கலாக ஒளிரும், மாணவர் குழம்புவர். சமையல் உப்பைக் கொண்டு செய்வோர் ஓரிரு நொடிகளில் நிறுத்திவிடுதல் வேண்டும். குளோரின் வாயு வெளிப்படும்.

இனி மண்ணுக்கு வருவோம். 1845ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் யார்க் பகுதியைச் சேர்ந்த தாம்சன் என்ற நிலக்கிழார், ஸ்பென்ஸ் என்னும் மருந்தாளரின் துணையோடு ஒரு சோதனை செய்தார். மண்ணில் அம்மோனியம் சல்பேட்டைக் கலந்து மேலே நீரை ஊற்றினார். கீழே வடிந்த நீரில் அம்மோனியம் சல்பேட் வரவில்லை. கால்சியம் சல்பேட், அதாவது ஜிப்சம், வந்தது. சல்பேட் போயிற்று, அம்மோனியம் தங்கிற்று, அதற்கு மாற்றாக மண் தன்னிடமிருந்த கால்சியத்தைக் கொடுத்துவிட்டது. 1850இல் தாமஸ் வே என்ற இரசாயனர் இதனை விரிவாக ஆராய்ந்து, மண்ணின் களிப்பகுதியே இம்மாற்றத்தைச் செய்கிறதென்று காட்டினார். அயனி என்னும் கொள்கை நிலைபெறுவதற்கு முற்பட்ட காலம் அது.

களிமண் துகளின் பரப்பும், மட்கிய இலைதழைகளாலான மட்கும் எதிர்மின்னூட்டம் உடையவை. அம்மோனியம், பொட்டாசியம், கால்சியம் முதலிய நேர்மின் அயனிகளை அவை பற்றிக்கொள்கின்றன. இப்பற்று அயனிப் பிணைப்பைப் போன்ற மின்னீர்ப்பே, ஆயினும் இறுகியதன்று. செடியின் வேர் ஹைட்ரஜன் அயனியைக் கொடுத்து அம்மோனியத்தை எடுத்துக்கொள்ள முடியும். யூரியா மூலக்கூறுக்கு மின்னூட்டம் இல்லாமையால் அதனைப் பற்றக் களிக்குப் பிடி கிடைப்பதில்லை. நீர் எங்கே செல்கிறதோ அங்கே அதுவும் செல்கிறது.

யூரியா எப்போதும் யூரியாவாகவே இருப்பதில்லை என்பதையும் உடனே சேர்த்துக் கூற வேண்டும். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் யூரியேஸ் என்னும் நொதியைச் சுரக்கின்றன. அது யூரியாவை நீரோடு வினைபுரியச் செய்து அம்மோனியம் கார்பனேட்டாக மாற்றுகிறது. சகப்பிணைப்புகள் அறுந்து, தழைச்சத்து மீண்டும் அயனி வடிவை அடைகிறது. அதன் பின்னர் மண் அதனைப் பிடித்துக்கொள்ளும். வெப்பமும் ஈரமும் உள்ள மண்ணில் இம்மாற்றம் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் நடந்துவிடும். ஆகவே ஆபத்துக்காலம் முதற்சில நாட்களே. அந்நாட்களில் பெருமழை பெய்தால் நட்டம். மழையே இல்லாமல் உரம் மண்ணின் மேற்பரப்பில் கிடந்தாலும் வேறு வகையில் நட்டம் உண்டு. பரலைச் சுற்றிலும் காரத்தன்மை மிகும்போது அம்மோனியம் தன் நான்காவது ஹைட்ரஜனை அயனியாக இழந்து மின்னூட்டமற்ற அம்மோனியா வாயுவாகிக் காற்றில் கலந்துவிடும். ஈரமான மண்ணில் இட்டு, மண்ணால் மூடி, கனமழையைத் தவிர்ப்பதே வழி. தோட்டங்களில் ஆண்டுக்குரிய உரத்தை ஒரே முறையில் இடாது பல தவணைகளாகப் பிரித்து இடும் வழக்கத்துக்கும் இதுவே அடிப்படை.

யூரியேஸைக் காண நுண்ணோக்கி வேண்டாம், கொள்ளு போதும். ஊறவைத்த கொள்ளை அரைத்துத் துணியில் வடிகட்டி யூரியாக் கரைசலில் சேர்க்க வேண்டும். மஞ்சள் தோய்த்து உலர்த்திய தாளை நனைத்து அக்கரைசலில் இட்டால் சிறிது நேரத்தில் சிவக்கும். ஆலத்தி கரைக்கும்போது மஞ்சளைச் சுண்ணாம்பு சிவக்கச் செய்வதைக் கண்ட குழந்தைகளுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். கொள்ளுச் சாறு சேர்க்காத யூரியாக் கரைசலில் தாள் மஞ்சளாகவே இருக்கும். வாளவரையின் இனத்தைச் சேர்ந்த ஒருவகை அவரையிலிருந்து யூரியேஸைப் பிரித்தெடுத்து 1926இல் படிகமாக்கிக் காட்டிய ஜேம்ஸ் சம்னருக்கு 1946இல் நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது.

மண் அயனியைப் பிடிப்பதைக் காட்டவும் எளிய வழி உண்டு. அடிப்பகுதி வெட்டப்பட்ட இரு புட்டிகளைத் தலைகீழாக நிறுத்தி, கழுத்தில் பஞ்சு அடைத்து, மேல்மண்ணை நிரப்ப வேண்டும். ஒன்றில் மருந்துக்கடையில் கிடைக்கும் ஜென்சியன் வயலெட்டை நீரில் மெலிதாகக் கலந்து ஊற்ற வேண்டும். மற்றொன்றில் இயோசின் சாயத்தாலான சிவப்பு மையை அவ்வாறே ஊற்ற வேண்டும். ஊதாச் சாயம் நேர்மின் அயனி. அது மண்ணில் தங்கிவிட, கீழே ஏறக்குறைய நிறமற்ற நீர் வடியும். சிவப்புச் சாயம் எதிர்மின் அயனி. அது பெரும்பாலும் வெளியே வந்துவிடும். போனக்காட்டைப் போன்ற மலைச்சரிவுகளின் செம்மண்ணில் செய்யும்போது சிவப்பும் ஓரளவு தங்கிவிடக் காணலாம். சோதனை தவறிவிட்டதென்று ஆசிரியர் வருந்த வேண்டியதில்லை. அம்மண்ணில் நிறைந்துள்ள இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் அமிலச் சூழலில் நேர்மின்னூட்டம் பெற்று எதிர்மின் அயனிகளையும் சிறிதளவு பற்றுகின்றன.

இங்கே களப்பணியாளர் தனியே கருதத்தக்க ஒரு செய்தி உண்டு. எல்லா மண்ணும் ஒரே அளவாக அயனிகளைப் பிடிப்பதில்லை. கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசலில் உள்ள மாண்ட்மோரில்லனைட் வகைக் களி, 100 கிராமுக்கு 80 முதல் 150 மில்லிச் சமானம் வரை நேர்மின் அயனிகளை ஏற்கும். நெடுங்கால மழையில் கரைந்து தேய்ந்த மலையாளக் கரையின் செம்மண்ணில் மிகுந்துள்ள கயோலினைட் களி 3 முதல் 15 வரைதான் ஏற்கும். கரிசற்பகுதியில் பழகியவர் மலைக்கு மாற்றலாகி வந்து, அங்கிட்ட அதே அளவை அதே தவணையில் இங்கும் இட்டால், அம்மோனியம் சல்பேட்டேயாயினும் மண் அதனை முழுவதும் ஏற்க இயலாது. இம்மலைமண்ணில் அயனிகளைப் பிடிக்கும் ஆற்றலில் பெரும்பங்கு மேலே உள்ள மட்கினுடையது. அம்மேல்மண் சரிவில் அரித்துச் செல்லப்பட்டால் மண் மட்டும் போவதில்லை. இனி இடப்போகும் உரத்தைப் பிடித்து வைக்கும் கையும் போய்விடுகிறது. கவாத்துக் கழிவைச் செடிகளின் அடியிலேயே விட்டுவைப்பதும், சரிவுக்குக் குறுக்கே நீர்க்குழிகள் வெட்டுவதும் வெறும் பழைய வழக்கம் என்று எண்ணி விடத்தக்கவை அல்ல.

மண் பற்றிய அம்மோனியமும் நிலையாக நிற்பதில்லை. மண்ணின் பாக்டீரியங்கள் அதனை நைட்ரேட் ஆக்குகின்றன. நைட்ரேட் எதிர்மின் அயனி. களியைப் போலவே எதிர்மின்னூட்டம் உடையது. ஆதலின் விலக்கப்பட்டு நீரோடு செல்கிறது. ஓடையிலும் ஆற்றிலும் சேரும் தழைச்சத்து பெரும்பாலும் இவ்வடிவத்தினதே. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருத்தல் ஆகாதென்பது இந்தியத் தர அளவு. அம்மோனியம் நைட்ரேட்டாக மாறும்போது ஹைட்ரஜன் அயனிகள் வெளிப்படுவதால் மண்ணின் அமிலத்தன்மையும் ஏறுகிறது. அம்மோனியம் சல்பேட்டின் ஒரு கிலோகிராம் தழைச்சத்து உண்டாக்கும் அமிலத்தைச் சமன் செய்ய ஏறத்தாழ 5 கிலோகிராம் சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும். யூரியாவின் ஒரு கிலோகிராம் தழைச்சத்துக்கு 2 கிலோகிராமுக்கும் சற்றுக் குறைவாகவே வேண்டும். யூரியா சிதையும்போது முதலில் அமிலத்தைச் சிறிது உட்கொண்டுவிடுவதே இவ்வேறுபாட்டின் காரணம்.

தேயிலை அமில மண்ணை விரும்பும் செடி, பி.எச். 4.5 முதல் 5.5 வரை அதற்கு உகந்தது. இந்நிலையில் மண்ணின் அலுமினியம் மும்மின்னூட்ட அயனியாகக் கரைந்து பிற பயிர்களின் வேரைக் கெடுக்கும். தேயிலையோ அதனை உறிஞ்சி முதிர்ந்த இலைகளில் சேர்த்து வைக்கிறது. எனினும் பி.எச். 4.5க்குக் கீழே இறங்கினால் தேயிலைக்கும் டோலமைட் இட்டுச் சமன்செய்ய வேண்டும். மண்பரிசோதனையின்றி ஆண்டுதோறும் அம்மோனியம் சல்பேட்டையே இட்டுவந்தால் இந்நிலை வந்தே தீரும். மண்ணில் நன்றாகத் தங்குகிறதென்ற ஒரு குணத்துக்காக அதனையே எப்போதும் சிறந்த உரமென்று கூற இயலாமைக்கு இதுவும் ஒரு காரணம். மற்றொன்று எடை. தூய அம்மோனியம் சல்பேட்டில் 100க்கு 21 பங்கே தழைச்சத்து. யூரியாவில் 46 பங்குக்கு மேல். மலைப்பாதையில் மூட்டையைத் தோளில் சுமப்பவர் இவ்விரண்டையும் ஒன்றென ஒப்பார்.

மின்னூட்டமின்மை யூரியாவுக்கு எப்போதும் குறையே என்றும் கருதலாகாது. இலையின் மேற்புறத்தை மூடியுள்ள மெழுகுப்படலத்தின் வழியே அயனிகள் செல்வது கடினம். மின்னூட்டமற்ற சிறு மூலக்கூறு எளிதில் செல்லும். ஆதலால் மண்ணில் எது குறையாயிற்றோ அதுவே இலையில் நிறையாகிறது. தென்னிந்தியத் தேயிலைத் தோட்டங்களில் யூரியாவையும் துத்தநாக சல்பேட்டையும் நீரில் மெலிதாகக் கரைத்து இலைவழி தெளிக்கும் முறை நெடுநாளாக உள்ளது. இதற்கு வாங்கும் யூரியாவில் பையூரெட் என்னும் மாசு குறைவாக இருத்தல் வேண்டும். யூரியாவை மிகச் சூடாக்கும்போது இரண்டு மூலக்கூறுகள் ஓர் அம்மோனியாவை இழந்து இணைவதால் தோன்றும் இப்பொருள் இலைநுனியைக் கருக்கும். இந்திய உரக் கட்டுப்பாட்டு ஆணை யூரியாவில் பையூரெட் 100க்கு 1.5 பங்குக்கு மேற்படலாகாது என்று வரையறுத்துள்ளது.

2015ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் வேளாண்மைக்கென விற்கப்படும் யூரியா அனைத்தும் வேப்பெண்ணெய் பூசப்பட்டே வர வேண்டும் என்று மத்திய அரசு விதித்தது. வேம்பிலுள்ள பொருள்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியங்களின் வேகத்தைக் குறைக்கின்றன; தழைச்சத்து நேர்மின் அயனியாகவே சற்று நீண்ட காலம் மண்ணில் தங்குகிறது. வேம்பு பூசிய யூரியாவை மழை ஒன்றும் செய்யாதென்று சிலர் எண்ணுவது பிழை. வேம்பு காப்பது யூரியா அம்மோனியமாக மாறிய பின்னர்தான். அதற்கு முந்திய நாட்களில் அது மின்னூட்டமற்ற மூலக்கூறாகவே உள்ளது. மலைச்சரிவில் உரமிடுவோர் அந்நாட்களுக்கு முன்போலவே வானத்தைப் பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும்.